ஃபென்வேயைவிட மூத்தது ரிக்வுட்
பாஸ்டனின் ஃபென்வே பார்க்தான் அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய தொழில்முறை பேஸ்பால் மைதானம் என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். ஒரு சிறு திருத்தம். மேஜர் லீக் (அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் தொடர்) அணிகளின் சொந்த மைதானங்களில் மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள ரிக்வுட் ஃபீல்டு அதற்கும் மூத்தது. மைனர் லீக் (அதற்குக் கீழ்நிலைத் தொழில்முறைத் தொடர்) அணியான பேரன்ஸுக்காகக் கட்டப்பட்டது. கறுப்பின வீரர்களின் பிளாக் பேரன்ஸ் அணிக்கும் அதுதான் சொந்த மைதானமாக இருந்தது. புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் வில்லி மேஸ் பதின்ம வயதில் ஆடியது இங்கேதான்.

சரிபார்ப்பது எளிது. இரண்டின் திறப்பு நாளையும் தேடிப் பாருங்கள்: ரிக்வுட் 1910 ஆகஸ்ட் 18, ஃபென்வே 1912 ஏப்ரல் 20. ஏறக்குறைய இருபது மாத வித்தியாசம். 2024 ஜூன் 20 அன்று ரிக்வுட்டில் மேஜர் லீக் அணிகளான கார்டினல்ஸும் ஜயன்ட்ஸும் மோதிய ஆட்டத்தின் செய்திகளிலும் 1910 என்ற ஆண்டைக் காணலாம். அப்புறம், ஃபென்வே பற்றிய குறிப்புகளைப் படிக்கும்போது 'மேஜர் லீக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பகிரும்போது உதிர்ந்துபோவது பெரும்பாலும் அந்தச் சொல்தான்.