நின்றது ஒலிபரப்புதான்

2011 செப்டம்பர் 1 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பாலஸ்தீன ஆதரவாளர்கள் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கச்சேரியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்றும், கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு இடம் கேட்டுச் செட்டிநாட்டார் வளர்த்த தமிழிசை இயக்கமும் அதே வழியில் சென்றது என்றும் காரைக்குடி அன்பர் எழுதியிருப்பது சரியன்று. இசையமைப்பாளர் வெபர்னின் படைப்பை இசைக்குழு வாசிக்கையில் எதிர்ப்பாளர்கள் எழுந்து பாடினார்கள். பின்னரும் முழக்கங்கள் குறுக்கிட்டதால் பிபிசி ரேடியோ 3 நேரடி ஒலிபரப்பைத் துண்டித்ததே தவிர, அரங்கினுள் இசைக்குழுவின் நடத்துநர் ஜூபின் மேத்தா நிகழ்ச்சியை முழுமையாக நடத்தி முடித்தார். எதிர்ப்புக்கு உரிமை உண்டு. ஆனால் வாசிப்பவரைக் குலைப்பதை என்னால் ஏற்க இயலாது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற இயக்கமோ 1941இல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட்டித் தீர்மானம் இயற்றியது, தமிழ்ப் பாடல்களுக்குப் பொருளுதவி செய்தது, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவியது.