சர்வீஸ் சார்ஜையும் பாருங்கள்
ஓட்டல் பில் பற்றிய உங்கள் கட்டுரையில், ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தானா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். சரி. ஆனால் பில்லில் அதற்கு மேலே, பரிமாறியதற்கென்று ஓட்டலே போடும் சர்வீஸ் சார்ஜை விட்டுவிட்டீர்களே!

போன மாதம் குடும்பத்தோடு சாப்பிடப் போனோம். சாப்பாடு 1,840 ரூபாய். அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 184 ரூபாய். இரண்டையும் கூட்டித்தான் ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். மொத்தம் 2,125 ரூபாய் சொச்சம். சர்வீஸ் சார்ஜ் இல்லையென்றால் 1,932தான். அதாவது, நாம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத காசுக்கு வரியும் சேர்த்துக் கட்டுகிறோம்.

சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

அன்று நான் கேஷியரிடம், "இதை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்றேன். "எல்லாரும் குடுக்கறாங்க சார்" என்றார். 1915க்கு போன் போடட்டுமா என்று கேட்டதும் (தேசிய நுகர்வோர் உதவி எண்தான்) மேனேஜர் வந்தார், பில் மாறியது. பையனுக்கு முன்னால் சண்டை போட்டேன் என்று வீட்டம்மாவுக்கு இன்னும் கோபம்.

பரிமாறிய தம்பியின் கையில் தனியாக நூறு ரூபாய் கொடுத்தேன். சர்வீஸ் சார்ஜில் உனக்கு எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.