தங்காச்சி, உங்க ஆளுங்க எங்கே உட்காருவாங்க?

புத்தகயா மகாபோதி கோவிலுக்குப் பின்னால், மேற்குப் பக்கத்தில் இருக்கிறது போதி மரம். விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டோம். கைப்பேசியை வெளியிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். 2013-ல் அந்த வளாகத்தில் குண்டு வெடித்த பிறகு அவ்வளவு கெடுபிடி. டிசம்பர் பனியில் தரை சில்லென்று இருந்தது. ஒரு பக்கம் வெள்ளை உடுத்திய தாய்லாந்துக்காரர்கள். அவர்களை அடுத்து, கையில் தாமரை மொட்டுகளோடு இலங்கையிலிருந்து வந்த ஒரு கூட்டம். இன்னொரு ஓரத்தில் பலகை போட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து எழும் திபெத்தியர்கள். பர்மாக்காரர்கள், வியட்நாம்காரர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் இடம், ஒரு ராகம்.

மலேசியாவில், பினாங்கில் என் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். 71 வயது. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் தங்காச்சி. இருபது வருடமாக என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மலாயில் மெதுவாகக் கேட்டார்: "தங்காச்சி, புத்தர் உங்க தேசத்துக்காரர்தானே? உங்க ஆளுங்க எங்கே உட்காருவாங்க?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஐம்பெருங்காப்பியம் ஐந்தையும் வரிசையாக ஒப்பித்தவள் நான். மணிமேகலை பௌத்தக் காப்பியம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள். அந்த மரத்தடியில் அது எதுவும் வாயில் வரவில்லை. "இங்கே இல்லை ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்து 34 பேர் போனோம். அதில் தமிழர்கள் மூன்றே பேர். கிளம்புவதற்கு முன்பு சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "மதம் மாறிட்டியா?" இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குத் தேங்காய் உடைக்க மூட்டை மூட்டையாக வாங்கி வைக்கிற சீனர்களை நாம் அப்படிக் கேட்பதுண்டா? ரதம் வரும்போது இந்த ஆன்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டில் நிற்பார். அவர் நம் சாமியிடம் வரலாம், நான் அவரோடு புத்தகயாவுக்குப் போகக்கூடாதா? அவ்வளவுதான் என் நியாயம். அதற்கு மேல் யாரிடமும் வாதாடவில்லை.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம். பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற புத்தகயா, முதல் உபதேசம் செய்த சாரநாத், மறைந்த குசிநகர் என்று நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும் என்று புத்தரே கடைசி நாட்களில் தன் சீடர் ஆனந்தரிடம் சொன்னதாகப் பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்கள் சொல்கின்றன. நடுவில் ராஜகிருகம், நாளந்தா, வைசாலி, சிராவஸ்தி. மூடுபனியில் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். முழங்கால் வலிக்காரர்கள் அதற்குத் தகுந்த மாதிரி கிளம்புங்கள்.

குசிநகரைப் பற்றி மட்டும் நின்று சொல்லியாக வேண்டும். சின்னக் கோவில். உள்ளே வலது பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும் புத்தர், 6.1 மீட்டர் நீளம், குப்தர் காலத்துச் சிலை. எங்கள் கூட்டம் கொண்டுபோன காவித் துணியை ஆளுக்கொரு முனை பிடித்துப் போர்த்தினோம். ஆன்ட்டிக்குக் கிடைத்தது கால்மாட்டு முனை. துணி ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அவர் குனிந்து அந்த மடிப்பை நீவி, பாதம் மூடும்படி இழுத்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டினார். காய்ச்சலில் தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் பாதத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அதற்குள் அடுத்த கூட்டம் துணியோடு வந்துவிட்டது.

என்னை மாற்றியது நாளந்தா, பழைய பௌத்தப் பல்கலைக்கழகம் இருந்த இடம். செங்கல் சுவர்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது வழிகாட்டி எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உங்க பக்கத்து ராஜா ஒருத்தர் இங்கே விகாரம் கட்டியிருக்கார்." ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணத்வீபத்து, அதாவது சுமத்ரா பக்கத்து, அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம், பௌத்தத் துறவிகளின் மடம், எழுப்பினான், அதன் செலவுக்கு வங்காளத்துப் பால வம்ச மன்னன் தேவபாலன் ஐந்து கிராமங்களைக் கொடுத்தான் என்று அங்கேயே கிடைத்த செப்பேடு சொல்கிறது. நம் கடல் பக்கத்திலிருந்து போகிறவர்கள் தங்க அங்கே அப்போதே இடம் இருந்திருக்கிறது!

வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

671-ல் தென்சீனத் துறைமுகம் கேன்டனில் கப்பலேறிய சீனத் துறவி யீஜிங், சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசில் தங்கி, கெடா வந்து, அங்கிருந்துதான் வங்காளக் கரைக்குப் போய் நாளந்தா சேர்ந்தார். கெடா என்றால் கடாரம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் பினாங்குக் கடற்கரையிலிருந்து வடக்கே பார்த்தால் தெரிகிற ஜெராய் மலைதான் அந்தக் கப்பல்களுக்கு அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பழைய கோவில்களின் இடிபாடுகள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு. அதற்கும் முன்பு, ஐந்தாம் நூற்றாண்டில், புத்தகுப்தன் என்ற மாலுமி கப்பல் பயணம் நல்லபடி முடிய வேண்டிக் கல்வெட்டு வைத்திருக்கிறான், தூபியின் உருவத்தோடு. அது 1834-ல் கிடைத்தது எங்கே தெரியுமா? செபராங் பிறையில். தினமும் பாலத்தில் கார் ஓட்டிக்கொண்டு போகிறோமே, அந்தக் கரையில். கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் நாகப்பட்டினம். எனக்கு முக்கியம் இதுதான்.

கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தகப்பன் சூடாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய விகாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை எழுதிக் கொடுத்தவன் யார்? ராஜராஜ சோழன். 1006-ஐ ஒட்டிய காலம். தஞ்சைப் பெரிய கோவில் எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்கள். தகப்பன் கொடுத்த அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைக்கச் செய்தவன் மகன் ராஜேந்திரன். 21 தகடுகள், அதில் 16 தமிழ். நெதர்லாந்து லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

மலேசியத் தமிழர்கள் நாம் "கடாரம் கொண்டான்" என்று சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது. என் அண்ணன் மகன் அதைச் சட்டையிலேயே அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறான். சரி, 1025-ல் ராஜேந்திரன் கடாரத்தின் மேல் படையெடுத்ததும் வரலாறுதான். ஆனால் அதே ராஜேந்திரன் அதற்கு முன்னால் கடாரத்து அரசன் கட்டிய புத்தர் பள்ளிக்கு நிலம் உறுதி செய்தானே, அதை ஏன் ஒரு மேடையிலும் சொல்வதில்லை? கொண்டதை மட்டும் சொல்கிறோம், கொடுத்ததைச் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சீனனுக்கும் மலாய்க்காரனுக்கும் எந்தக் கதை நம்மை நெருக்கமாக்கும்? எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த விகாரம் இன்று இல்லை. நாகையில் சீனக் கோபுரம் என்று சொல்லப்பட்ட செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரை நின்றிருக்கிறது. பிறகு இடித்துவிட்டார்கள். 1856-லிருந்து அந்த ஊரில் தோண்டத் தோண்டக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முன்னூற்றுக்கும் மேல். நிறைய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேலம் மாவட்டம் தியாகனூரில் கல்லால் ஆன புத்தர் இன்னும் ஊருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்களிடம் நான் கேட்பது இது. வடக்கே எட்டு இடம் சரி. தெற்கே மூன்று நாள் சேருங்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து நாகை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். "அங்கே பார்க்க என்ன இருக்கு, வெறும் ஊர்தானே" என்று ஓர் ஏற்பாட்டாளர் என்னிடம் சொன்னார். லும்பினியும் பல நூற்றாண்டு காடு மண்டிக் கிடந்த இடம்தான். 1896-ல் அசோகர் தூணைக் கண்டுபிடித்த பிறகுதான் இன்று பஸ் பஸ்ஸாகப் போகிறோம். கடாரத்து அரசன் கட்டிய இடத்தில், கடாரத்திலிருந்து போன 34 பேர் உட்கார்ந்து ஒரு தடவை பஞ்சசீலம், பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க உறுதிமொழி, சொன்னால் போதாதா? நம் தமிழ்ச் சங்கங்களும் இதில் கூட வர வேண்டும். செப்பேட்டின் தமிழை அங்கே உரக்கப் படித்துக் காட்ட நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போன சனிக்கிழமை ஆன்ட்டியோடு பிட் ஸ்ட்ரீட் குவான் யின் கோவிலுக்குப் போயிருந்தேன். நம் மாரியம்மன் கோவிலிலிருந்து நடக்கிற தூரம். ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்க, அங்கே வைத்துத்தான் அவருக்கு நான் கடன்பட்டிருந்த பதிலைச் சொன்னேன். பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் என்ற பௌத்தர் வீரசோழியம் என்று தமிழுக்கு ஒரு இலக்கணம் எழுதினார். அதில் அவர் சொல்கிறார்: அகத்தியர் தமிழைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அவலோகிதரிடம். கருணையின் வடிவாகப் பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவர் அவலோகிதர்தான் சீனத்துக்குப் போய்க் குவான் யின் ஆனவர்.

"அதாவது, உங்க குவான் யின்தான் எங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தாங்கன்னு எங்க ஆளு ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார் ஆன்ட்டி."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையிலிருந்து மூன்று ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி என் கையில் கொடுத்தார்.

"அப்படின்னா நீ தமிழ்லயே கேளு தங்காச்சி. என் முழங்காலுக்கும் சேர்த்துக் கேளு."

கேட்டேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, நாகப்பட்டினத்துக்கு எத்தனை மலேசிய வெள்ளி ஆகும் என்று விசாரித்தார்.