ஒரே ஒரு சொல்தானே, அண்ணா?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது நம் கட்டற்ற மென்பொருள் குழுவில் எல்லாருக்கும் தெரியும், திரும்ப விளக்கப் போவதில்லை. 'கட்டற்ற மென்பொருள் மட்டுமே', அதாவது யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள் மட்டுமே, என்றிருந்த நம் முதல் விதி 'இயன்றவரை கட்டற்ற மென்பொருள்' ஆகிவிட்டது. சனி ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு. காலையில் நான் நந்தினி பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் முடிவே வந்தாயிற்று. கேட்டால், "சின்ன வார்த்தைத் திருத்தம்தானே அண்ணா."

விதியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் பெயரைச் சொல்லி 'ஸ்டால்மன் பக்தர்' என்று கமெண்ட் போடக் காத்திருப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும். மாற்றுங்கள். சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

'சின்னத் திருத்தம்' என்றாலே எனக்கு டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளம்தான் ஞாபகம் வரும். அதன் கொள்கை உறுதிமொழியாக 1997-ல் வந்த சமூக ஒப்பந்தத்தை 2004 ஏப்ரலில் திருத்தினார்கள். வெறும் எழுத்துத் திருத்தம் என்ற பெயரில்தான் தீர்மானமே வந்தது. எது கட்டற்றதாக இருக்கும் என்று சொல்லும் இடத்தில் 'மென்பொருள்' என்ற சொல் போய் 'டெபியனும் அதன் எல்லாப் பாகங்களும்' என்று ஆனது. வாக்குப் போட்ட பிறகுதான் பலருக்கு உறைத்தது: கையேடு, ஃபர்ம்வேர் (வைஃபை சிப் போன்ற வன்பொருளுக்குள் ஓடும் நிரல்) எல்லாமே இதற்குள் வருகிறதே, 'சார்ஜ்' என்ற அடுத்த பதிப்பின் வெளியீடு என்னாவது? இன்னொரு வாக்கெடுப்பு வைத்து, சார்ஜ் வரும்வரை திருத்தத்தை ஒத்திப்போட்டார்கள். சார்ஜ் வந்தது 2005 ஜூனில்.

"2022-ல் அவர்களே கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை உள்ளே விட்டார்களே?" என்கிறார் ஒருவர். விட்டார்கள். வாரக்கணக்கில் எல்லார் முன்னாலும் சண்டை போட்டு, வாக்குச்சீட்டில் பல தெரிவுகள் வைத்து, மூன்றுக்கு ஒன்று பெரும்பான்மை வேண்டும் என்ற விதிப்படி ஒப்பந்தத்தையே திருத்தி விட்டார்கள். நாம் இருபத்துமூன்று கட்டைவிரல் வாங்கினோம்.

ஃபர்ம்வேர் பாடு எனக்குத் தெரியாதா? என் லேப்டாப்பில் டெபியன் போட்டபோது வைஃபைக்கு ஒரு கோப்பு இல்லை என்று பாதியில் நின்றது. அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு அது வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் முழுக்க ஏறி இறங்கி, கட்டற்ற ஃபர்ம்வேரிலேயே ஓடும் ஏதெராஸ் சிப் வைத்த வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் வேலூர்ப் பக்கம். "விண்டோஸ் போட்டா தானா ஓடுமே சார், எதுக்கு இந்தத் தலையெழுத்து?" என்றார். அதனால் 'நடைமுறை தெரியாதவர்' என்று மட்டும் என்னைச் சொல்லாதீர்கள்.

கட்டற்ற வீடியோ கால் மென்பொருளான ஜிட்சியில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம், புதியவர்கள் ஓடிவிடுகிறார்களாம். சரி, அதற்கு மாற்ற வேண்டியது விதியையா, ஒயிட்ஃபீல்டு நெட் கனெக்‌ஷனையா?

'அண்ணாவுக்கு வயசாகிடுச்சு' என்று ஒரு சிரிப்பு பொம்மை. இருக்கட்டும். முதல் கூடுகைக்கு அல்சூர் வரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பஸ்ஸில் தூக்கிவந்தவனுக்கு வயது ஏறத்தானே செய்யும். என்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்.

தம்பி, வாக்கெடுப்பு வைத்தது நீ என்பதால் உனக்கே சொல்கிறேன். அன்றைக்கு தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே பில்லின் பின்பக்கம் விதி எழுதினோமே, அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. காபிக் கறையோடு. 'இயன்றவரை' என்று முதலில் எழுதியது நான். "அப்படி எழுதினா யாருமே இயல மாட்டாங்க அண்ணா" என்று இரண்டு மணி நேரம் வாதாடி, அதை அடித்துவிட்டு 'மட்டுமே' என்று எழுதியது நீ. பேனாவும் உன்னுடையதுதான்.