சுடுசொல்லுக்கு மூன்று காலம்

பள்ளியில் நான் அதிகம் பயந்த இலக்கணப் பெயர் 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்'. ஏதோ தீராத வியாதி மாதிரி இருக்கும். விஷயம் என்னவோ சின்னதுதான். 'செல்லாத காசு' என்பதில் 'த' உதிர்ந்து 'செல்லாக் காசு' ஆகிறது. ஓர் எழுத்து போனதற்கு இவ்வளவு நீள இரங்கற்பா! போதாததற்கு ஒரு வல்லினம் வேறு மிகும்.

இலக்கணம் கசக்கிறது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கசந்தது பாடப்புத்தக உதாரணங்கள்தான்.

தற்குறிப்பேற்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை கோவலனைப் பார்த்து 'வராதே' என்று கைகாட்டுவதாகச் சொல்கிறார் இளங்கோவடிகள். தானாக நடப்பதன் மேல் நம் குறிப்பை ஏற்றும் இந்த வித்தையை நான் வாட்ஸ்அப்பில் தினமும் செய்கிறேன். நீல டிக் விழுந்து பதில் வரவில்லையா? அவர் குளிக்கப் போயிருப்பார். அதற்குள் நான் 'போன வாரம் சொன்னதை மனசில் வைத்திருக்கிறார்' என்று ஒரு காண்டமே எழுதி முடித்திருப்பேன். என்ன, இளங்கோ ஏற்றிய குறிப்பு பலித்தது.

கயவரைத் 'தேவர் அனையர்' என்றாரே வள்ளுவர், அந்த வஞ்சப்புகழ்ச்சியும் அனுபவத்தில்தான் புரிந்தது. "உங்களை மாதிரி நிதானமா வேலை செய்ய யாராலும் முடியாது" என்றார் மேலதிகாரி ஒருவர். வீடு வந்து சேரும்வரை சந்தோஷமாக இருந்தேன்.

எனக்குப் பிடித்தது வினைத்தொகை. 'காலம் கரந்த பெயரெச்சம்' என்கிறது நன்னூல். கரந்த என்றால் மறைத்த. வகுப்பில் எல்லோருக்கும் ஊறுகாய்தான் உதாரணம்: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன், மறந்தேன்.

பிறகு ஒரு சண்டையில் நண்பனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அதையும் மறந்தேன். ஆறேழு வருடம் கழித்து, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் அதை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னான். சுடுசொல். சுட்ட சொல், சுடுகின்ற சொல், சுடும் சொல். நான் அதை இறந்தகாலத்தில் விரித்துப் படித்துவிட்டுப் போய்விட்டேன். அவன் தொகையாகவே வைத்திருந்தான், மூன்று காலத்தோடும்.

மன்னிப்புக் கேட்டேன்.

"விடுடா, பழைய கதை" என்றான்.

அதன்மேல் எந்தக் குறிப்பையும் ஏற்றாமல் விட்டேன்.