ஆஞ்சியோ நார்மல் என்றால் வெறும் வாயுதானா?

"ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லையென்றால் நெஞ்சுவலி இதயத்தால் வந்ததே இல்லை, வாயு, இல்லாவிட்டால் மனக்கவலை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. வாயுவாகவும் இருக்கலாம், சரி. ஆனால் இதயத்தை அத்தோடு விட்டுவிட முடியாது.

ஆஞ்சியோகிராம் காட்டுவது பெரிய ரத்தக்குழாய்களைத்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் அதில் தெரியாது. இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்துவதோ பெரும்பாலும் அவைதான். அவை சரியாக விரியாவிட்டாலோ, திடீரென்று இறுகினாலோ வருவது மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. மாடிப்படி ஏறும்போது வலி வராமல் இருந்துவிட்டு, ஏறி உட்கார்ந்த பிறகும் நெஞ்சை அழுத்தலாம். பத்து நிமிடம் தாண்டியும் நீடிக்கலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைக்குச் சிலருக்கு அடங்காது. உடனே "அப்போ இது ஹார்ட்டே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்!

இதற்கும் சோதனை உண்டு. நுண்குழாய்களை விரிய வைக்கும் அடினோசின் மருந்து செலுத்தி, ரத்த ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மடங்கைக்கூட எட்டாவிட்டால் நுண்குழாய்களில் கோளாறு. ஸ்காட்லாந்தில் நடந்து 2018-இல் வெளியான கோர்மிகா ஆய்வில், இப்படிச் சோதித்து அதற்கேற்ற மருந்து தரப்பட்டவர்களுக்கு வலித் தொந்தரவு குறைந்தது.

பெரிய குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் இதற்குப் பயன்படாது. பீட்டா பிளாக்கர், கால்சியம் சேனல் பிளாக்கர் போன்ற மாத்திரைகளோடு பிபி, சர்க்கரை, கொழுப்புக் கட்டுப்பாடு, டாக்டர் சொல்லும் அளவு நடை. புகையை விட்டே ஆகவேண்டும். வலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ வந்தால், பழைய ரிப்போர்ட்டை நம்பி உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.