மூவாயிரம் ஆண்டுப் பகையா?

"யூதர்களும் அரேபியர்களும் மூவாயிரம் ஆண்டுகளாக அடித்துக்கொள்கிறார்கள், இது மதப் பகை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இன்று இஸ்ரேல், பாலஸ்தீனம் எனப்படும் அந்த மண்ணோடு யூதர்களுக்குள்ள பந்தம் பழையது. இந்தச் சண்டை பழையதன்று.

1099இல் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களான சிலுவைப் படையினர் ஜெருசலேமைக் கைப்பற்றியபோது முஸ்லிம்களும் யூதர்களும் சேர்ந்தே கொல்லப்பட்டனர். 1492இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களில் பலருக்கு அடைக்கலம் தந்தது முஸ்லிம் ஆட்சியான உதுமானியப் பேரரசு. சமத்துவம் இருந்தது என்று சொல்லவில்லை, கலவரங்களும் நடந்தன. ஆனால், இது யாருடைய நாடு என்ற போட்டி அன்று இல்லை.

அது பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். ரஷ்யாவில் யூதர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பின், 1882 முதல் குடியேற்றம் பெருகியது. 1897இல் யூதத் தாயக இயக்கத்தின் தலைவர் ஹெர்சல் சுவிட்சர்லாந்தில் கூட்டிய பாசல் மாநாடு பாலஸ்தீனத்தில் யூதத் தாயகம் வேண்டும் என்றது. பெய்ரூட்டில் வாழ்ந்த நிலவுடைமையாளர்கள் நிலத்தை விற்க, அதில் உழுதுகொண்டிருந்த குத்தகை விவசாயிகள் வெளியேற்றப்பட்டனர்.

1899இல் ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுப் அல்காலிதி எழுதிய கடிதம் ஒன்று ஹெர்சலுக்குச் சேர்ந்தது. யூதர்களின் வரலாற்று உரிமையை ஒப்புக்கொண்ட அவர், அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்கிறார்கள், பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். தலைமுறைப் பகை கொண்டவர் இப்படி எழுதுவாரா?

1917இல், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய ஆதரவு தருவதாக பிரிட்டன் அறிவித்த பால்ஃபர் பிரகடனம் வந்தது. ஆனால், 1922 கணக்கெடுப்பில்கூட அங்கு யூதர்கள் சுமார் 11 சதவீதம்தான். அரபு அச்சத்தின் வேர் வேதத்தில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது.